விசில் வெளியே நின்ற வியாழக்கிழமை

அந்தத் தடத்தில் பேருந்து ஏறுகிறவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. விசில் என்றால்தான் தெரியும். பதினேழு வருடமாக நடத்துனர் வேலை. கழுத்தில் விசில் தொங்குமே தவிர, அதை அவள் ஊதிப் பார்த்தவர் கிடையாது. "போலாம், ரைட்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அவள் வண்டி ஓட்டுநர் மட்டுமல்ல, பின்னால் நிற்கிற லாரிக்காரனும் கியரைப் போடுவான். படிக்கட்டில் தொங்குகிற கல்லூரிப் பையன்களை அவள் திட்டுவதைக் கேட்பதற்கென்றே முன் சீட்டைப் பிடித்து உட்காருகிறவர்கள் உண்டு. "உள்ள வாடா ராசா! உங்கம்மா உன்னை முழுசா அனுப்பியிருக்காங்க, நானும் முழுசா இறக்கிவிடணும்" என்பாள்.

இப்படிப்பட்ட தொண்டைக்காரிக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்குக் காது கேட்காது. "ஆண்டவன் ஆள் பார்த்துத்தான் சோதிக்கிறான்" என்று எதிர்வீட்டுக்காரி வந்து மூக்கைச் சிந்தினாள். "சோதிக்கட்டும், பாஸ் பண்ணிக் காட்டுறேன். நீ முதல்ல மூக்கைத் துடை" என்றாள் விசில். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது பணிமனை வாசலில் ஒரு டயர் வெடித்தது. நின்றவர்கள் எல்லாரும் துள்ளினார்கள். அப்பா தோளில் இருந்த குழந்தை மட்டும் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பெரிய டாக்டர் ஒரே போடாகப் போட்டார்: "கையை ஆட்டிப் பேசிப் பழக்கிடாதீங்க. அப்புறம் வாய்ப்பேச்சே வராது." பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து விசில் அங்கே போய் எட்டிப் பார்த்தாள். ஏழு குழந்தைகள், உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவள் பெண் முகம் சிவக்க 'பா' என்று சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தது. விசிலுக்கு வந்ததே கோபம்!

"பிள்ளைங்க கையைக் கட்டிப்போட்டு வாயைத் திறங்கறீங்களே டீச்சர், உங்க வாயைக் கட்டிப்போட்டா கையால பாடம் நடத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவளுக்குப் பாடம் நடந்தது பேருந்தில்தான். காலை ஏழு பத்து வண்டியின் கடைசி இரண்டு சீட்டுகளில் பொத்தான் தொழிற்சாலைக்குப் போகிற ஆறு பேர் உட்கார்வார்கள். ஆறு பேருக்கும் காது கேட்காது. ஆனால் அந்த வண்டியிலேயே அதிகம் பேசுகிறவர்கள் அவர்கள்தான். மாமியாரிலிருந்து மேனேஜர் வரை ஒருவரையும் விடுவதில்லை. விசில் கூட்டத்தில் நீந்திப் பின்னால் போய், கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர்களிடம் பேசிப் பழகினாள். ஓடுகிற வண்டியில் கம்பியை விட முடியுமா? அதனால் இரண்டு கையால் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் ஒரே கையால் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் பொத்தான் அக்கா. வாய் இல்லாமலே வாயாடி. கூரை மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினால்தான் வீடு. விசில் ஒரு கையைச் சாய்த்துக் காட்டினதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ வீடுன்னு சொல்லலை. பாதி வீடுன்னு சொன்னே. மீதியை எப்பக் கட்டப் போறே?"

பெண்ணுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிற பெயரால் அவளுக்கு என்ன பிரயோசனம்? யார் கூப்பிட்டு அவள் கேட்கப் போகிறாள்? ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் குத்தி ஒரு திருகு திருகினால் அதுதான் அவள் பெயர். சிரித்தால் அந்த இடத்தில் குழி விழும். கன்னக்குழி.

அப்பா கடைசல் பட்டறையில் வேலை பார்க்கிறவர். கல்லுளிமங்கன். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சாப்பிடு, தூங்கு, வா, போ, ஜாக்கிரதை என்று பதினைந்து சைகை கற்றுக்கொண்டு, அதை வைத்தே பதின்மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மகள் செருப்பு வார் அறுந்தால் அவளுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

கன்னக்குழி ஐந்தாம் வகுப்பு வரை படித்தது கையால் பேசுகிற சின்னப் பள்ளிக்கூடம். அங்கே அதற்கு மேல் வகுப்பு இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் காது கேட்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நாள் முழுக்க டீச்சர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் பாடம் போச்சு. தலைவலியோடு வீட்டுக்கு வருவாள். அப்புறம் சாப்பாடு குறைந்தது. பின்னந்தலையில் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒரு நாள் பார்த்தால் காசளவு சொட்டை. அதற்கும் பிறகுதான் கண்ணை மூட ஆரம்பித்தாள்.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவோம். காது கேளாத பிள்ளைக்குச் சாத்துவதற்குக் கண்தான் இருக்கிறது. அவள் கண்ணை மூடிவிட்டால் அம்மாவின் கை அவளுக்கு இல்லை, அப்பாவின் பதினைந்து சைகையும் இல்லை. தோளைத் தொட்டால் உதறுவாள். விசில் எதிரே உட்கார்ந்து, அந்த இமைகள் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரையே அதட்டுகிறவளுக்கு அந்த இரண்டு இமையிடம் ஒன்றும் நடக்கவில்லை.

பொது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். ஆலோசகர் இளம் பெண். நல்லவள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் கேள்வி கேட்கும்போதெல்லாம் அம்மா முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூடம் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டாள். விசில் சைகையில் கேட்டுப் பதிலை வாயால் சொன்னாள். பிறகு ஆலோசகர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாக, வார்த்தையை அளந்து பேசினாள்.

"இதை நேரடியாவே கேளுங்கம்மா, தப்பில்லை. சில பேருக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருக்கும்போது, செத்துப்போயிடலாம்னு தோணும். அவளுக்கு எப்பவாவது அப்படித் தோணியிருக்கா? தோணினா யார்கிட்டயாவது சொல்லியிருக்காளா?"

அந்தச் சைகை விசிலுக்குத் தெரியும். பொத்தான் அக்காவின் புருஷன் செத்த அன்றைக்குக் கற்றுக்கொண்டது. ஆனால் கை எழும்பவில்லை. பெற்ற பெண்ணைப் பார்த்து, 'சாகணும்னு தோணுதா' என்று எந்தத் தாயின் கை கேட்கும்? "வருத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கன்னக்குழி ஒரு தோளை உயர்த்தினாள். "எப்பவாவது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்களாம் மேடம்" என்றாள் விசில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

ஆனால் சோறு யார் எதிரில் இருந்தது? பிறந்ததிலிருந்து அடுத்தவர் முகத்தையும் உதட்டையும் படித்தே பிழைக்கிற பெண் எதிரில். "அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க! நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டே. மீதி எங்கே?" என்று கையால் கேட்டாள் கன்னக்குழி.

"அவ்வளவுதான் கண்ணு."

"பொய். வீட்டுலயும் இதேதான். எல்லாரும் சேர்ந்து சிரிப்பீங்க. ஏன்னு கேட்டா, ஒண்ணுமில்லை, அப்புறம் சொல்றேன்னு சொல்லுவே. பதிமூணு வருஷமா அப்புறம், அப்புறம். அந்த அப்புறம் என்னைக்கு வரும்?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன சொல்றா?" என்றாள் ஆலோசகர். "களைப்பா இருக்காம்" என்றாள் விசில். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். அன்றைக்குச் சீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்கள்.

ஒத்துழைக்காதது அவள் பெண்ணா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வரியைப் படித்துப் படித்து விசிலுக்கு வயிறு எரிந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தெரிந்ததும் இன்னும் எரிந்தது. ஆலோசகர் கேட்டது போய்ச் சேரவில்லை. அதனால் பதிலும் வரவில்லை. நடுவில் நின்று மறித்தவள் அவள்தான். தன் பெண் உயிரோடு இருக்க ஆசைப்படுகிறாளா இல்லையா? அது தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஏழு பத்து வண்டியில், கம்பியைப் பிடித்தபடி, எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் பொத்தான் அக்காவிடம் கொட்டினாள். அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான். நான் நூறு சொன்னா டாக்டர்கிட்ட பத்து போய்ச் சேரும். அம்மா நல்லவங்க. அதுதான் தொல்லையே" என்றாள். "என் பொண்ணைக் கூட்டிப் போ. அவளுக்குக் காது கேட்கும். பேச்சு பழகுறதுக்கு முன்னாடி கை பழகினவ. கூரியர் ஆபீஸ்ல இருக்கா. பார்சலைப் பிரிச்சுப் பார்க்காம கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் அவ வேலை."

ஆனால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் சம்மதிக்க வேண்டுமே. சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருக்கிற மனிதர். மூன்றிலும் எழுதிப் பார்த்தவர் இல்லை. "வெளி ஆளையெல்லாம் உள்ள விட முடியாதும்மா. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அம்மாவைவிட யாருக்கு அந்தப் பொண்ணு சொல்றது நல்லா புரியும்?"

"அம்மாங்கறதாலதான் சார் நான் வேண்டாங்கறேன். நான் பொய் சொல்றேன்."

"என்னது?"

"அவங்க கேட்டதை நான் கேக்கலை. அவ சொன்னதை நான் சொல்லலை. எழுதிக்குங்க. வேணும்னா கையெழுத்து போட்டுத் தரேன்."

வரிசையில் நின்ற இருபது பேர் முன்னால் அந்தக் குரலில் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். விடுமுறை நாள் முழுவதையும் அந்த பெஞ்சில் கழித்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நகரவில்லை, அடித்தவளுக்கு முதுகுவலிதான் வந்தது.

நான்காவது வாரம் விசில் உள்ளே போனாள், வாயையே திறக்கவில்லை. அவர் என்ன என்று கேட்டதற்கு, இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தாள். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "வாயால சொல்லும்மா, உனக்குத்தான் வாய் இருக்கே!" அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் சத்தமாகக் கேட்டார், பிறகு கத்தினார், பிறகு குழந்தையிடம் பேசுவது போல் உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கிப் பேசினார். கடைசியில் மணியை அடித்து, "யாராவது வந்து இவங்க என்ன சொல்றாங்கன்னு சொல்லுங்கய்யா!" என்று அலறினார்.

அப்போது வாயைத் திறந்தாள். "யாராவது வேணும்ல சார்? உங்களுக்குப் பத்து நிமிஷம் தாங்கலை. என் பொண்ணு அந்த ரூம்ல அவ பேச்சை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாம உக்காந்திருந்தா. ஒத்துழைக்கலைன்னு எழுதினீங்க. இப்ப நான் ஒத்துழைச்சேனா, நீங்க ஒத்துழைச்சீங்களா?"

மாடிப்படியில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். அவர் ஒரு பேனாவை எடுத்தார். வியாழக்கிழமை மூன்று மணி, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருக்க அனுமதி.

அந்த வியாழக்கிழமை அப்பாவும் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். கூரியர்க்காரி முப்பது வயதுப் பெண், சீருடையோடே வந்தாள். வாசலிலேயே விசிலிடம் சொல்லிவிட்டாள். "அக்கா, உள்ள பேசினது உள்ளயே இருக்கும். பஸ்ல பார்த்து என்கிட்ட கேக்கக் கூடாது. கேட்டா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்."

"கேக்க மாட்டேன் தாயி."

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ஆலோசகர் முதல் முறையாகக் கன்னக்குழியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். கூரியர்க்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கையால் சொன்னாள். கன்னக்குழி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தன் கையைத் தூக்கினாள். கூரியர்க்காரி குரலில் அது வெளியே வந்தது.

"அம்மா வெளிய போகணும். அப்பாவும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. பூதம் வேண்டும் என்று ஒரு மாதம் கிணறு வெட்டினவளும் அவள்தான். விசில் எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தக் கதவின் மேல்பாதியில் சதுரமாகக் கண்ணாடி பதித்திருந்தது. காது கேட்கிறவர்கள் கதவைச் சாத்தினால் பேச்சு உள்ளே நின்றுவிடும். கையால் பேசுகிறவர்களுக்குக் கண்ணாடி போட்ட கதவு திறந்து வைத்த கதவுதான். அந்த ஆஸ்பத்திரி கட்டினவர்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. விசில் உட்கார்ந்த இடத்திலிருந்தே மகளின் வலது கை தெரிந்தது. எழுந்து நின்றால் இரண்டு கையும் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தாள். கூரியர்க்காரியின் கை அந்தச் சைகையைச் செய்தது. தன் கை செய்யாமல் விட்ட அதே சைகை. இத்தனை வாரமாக அவளைத் தின்ற கேள்விக்குப் பதில் இதோ, நாலடி தூரத்தில், கண்ணுக்கு முன்னால் வரப் போகிறது. கன்னக்குழியின் கை மேலே வந்தது. 'அம்மா' என்றது. அடுத்த சைகைக்குப் பாதி எழும்பினபோது அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கண்ணாடியில் அம்மா முகம். கை மடியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண் பேச வந்தாள், திரும்பவும் விசிலே போய் மறித்துவிட்டாள். பதில் இன்னும் உள்ளேதான் இருந்தது. அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குச் சேர வேண்டும். தனக்குச் சேர வேண்டியதில்லை. சட்டென்று திரும்பி, கண்ணாடியை முழுசாக மறைத்துக்கொண்டு, முதுகைக் கதவில் சாத்தி நின்றாள்.

நடைக் காவலாளி வந்தார். நரைத்த மீசைக்காரர். "அம்மா, தள்ளுங்க. அந்தக் கண்ணாடியை மறைக்கக் கூடாது. ரூல்ஸ்."

"யாரு மறைச்சா? நான் நின்னுட்டிருக்கேன். நிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கா?"

"உள்ள என்ன நடக்குதுன்னு வெளியிலேருந்து தெரியணும்மா."

"உள்ள என் பொண்ணு பேசிட்டிருக்கா. நீங்க டாக்டர்கிட்ட பேசும்போது நடையில போறவன் காதை வெச்சுக் கேட்டா விடுவீங்களா? பெத்தவ நானே பார்க்காம நிக்கறேன், உங்களுக்கு என்ன பார்க்கணும்?"

நடையெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு டாக்டர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா?" என்றார். "என் பொண்ணுக்குத் தொந்தரவு இல்லை சார்!" என்றாள் விசில். காவலாளி கையை நீட்டி அவளை நகர்த்தப் பார்த்தார். அப்போதுதான் கல்லுளிமங்கன் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவளுக்குப் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் சேர்த்து, அவரும் கதவுக்கு முதுகு காட்டி நின்றார்.

"நாங்க நகர மாட்டோம்" என்றார். அன்றைய பத்து வார்த்தையில் மூன்று.

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் நாற்காலியை இழுத்துச் சற்றுத் தள்ளிப் போட்டு, தெருப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

ஐம்பது நிமிடம் நின்றாள். உள்ளே குரலைத் தாழ்த்தியே பேசினார்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சொல்லும் காதில் விழவில்லை. நாற்காலி நகர்கிற ஓசை ஒரு தடவை, யாரோ மூக்கை உறிஞ்சின ஓசை ஒரு தடவை. திரும்ப வேண்டும் என்று கழுத்து துடித்த துடிப்பு அவளுக்குத்தான் தெரியும். அப்பா இரண்டு தடவை அவள் கையைப் பிடித்து அழுத்தினார். கண்ணிலிருந்து வந்ததை அவள் துடைக்கவில்லை.

கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. நகர்ந்தாள். கன்னக்குழி வெளியே வந்தாள். மூக்கு சிவந்து, முகம் வீங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. பின்னால் வந்த ஆலோசகர் விசிலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கூரியர்க்காரி யாரையும் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

கன்னக்குழி அம்மா எதிரில் நின்று கையால் கேட்டாள்: "பார்த்தியா?"

இல்லை என்று சொல்லத்தான் கை முதலில் எழுந்தது. விசில் அதை நிறுத்தினாள். பிறகு, கம்பி எதையும் பிடிக்காமல், இரண்டு கையாலும் முழுசாகச் சொன்னாள்.

"முதல்ல பார்த்தேன். நீ அம்மான்னு சொன்னதைப் பார்த்தேன். நீ கண்ணை மூடினதும் திரும்பிட்டேன். அப்புறம் பார்க்கலை. அன்னைக்கு அவங்க கேட்டதையும் நான் உன்கிட்ட கேக்கலை. பயந்துட்டேன்."

கன்னக்குழி அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். எங்கேயாவது சுருக்கிச் சொல்லியிருக்கிறாளா என்று தேடுகிற பார்வை. விசில் முகத்தைத் திருப்பாமல் நின்றாள். உள்ளே என்ன சொன்னாய், சாக வேண்டும் என்று சொன்னாயா, என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று பத்து விரலும் கேட்கத் தவித்தன. ஒன்றையும் கேட்கவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை இன்னும் பேச வேண்டியது இருக்கு" என்றாள் கன்னக்குழி. "நான் வருவேன். நீ இங்கேயே நில்லு. இதே மாதிரி திரும்பி நில்லு."

அடுத்த வியாழக்கிழமை வருவேன் என்கிறாள்! விசில் நடையின் நடுவில் தடாரென்று உட்கார்ந்துவிட்டாள். காவலாளி பதறி ஓடிவந்து, "என்னம்மா, என்ன ஆச்சு? தண்ணி கொண்டு வரட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் ஆகலை" என்றாள் விசில், மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த வாரமும் இங்கதான் நிப்பேன். உங்க ரூல்ஸை நீங்க பார்த்துக்குங்க."